புரிகிறது, ஆனால் எழுத வரவில்லை: முதலாண்டில் சி படிக்கும் தம்பிக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பெங்களூருவில் மெக்கானிக்கல் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த செமஸ்டரில் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராமிங் இருக்கிறது. சார் போர்டில் எழுதும்போது எல்லாம் புரிகிறது. தங்கியிருக்கும் பி.ஜி. விடுதிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் இரண்டாவது வரிக்கு மேல் கை ஓடவில்லை. மெக்கானிக்கலுக்கு இது எதற்கு? பைத்தான் என்ற இன்னொரு மொழி எளிது என்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா? ஏஐ எழுதித் தரும்போது நான் ஏன் கற்க வேண்டும்?"

தம்பி, பைத்தான், ஏஐ எல்லாம் அப்புறம். "புரிகிறது, எழுத வரவில்லை" என்று சொன்னீர்களே, அதுதான் முக்கியமான வரி. நான் வாணியம்பாடி அரசுப் பள்ளியில் தமிழில் படித்து இஞ்சினியரிங்குக்கு வந்தவள். இருபது வருடத்துக்கு மேலாக பெங்களூருவில் சி எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஞாயிறு காலையில் அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் முதலாண்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்து உட்காருவார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் சொல்வது இதே வரியைத்தான்.

பெங்களூருவுக்கு வந்து சில மாதம் ஆகியிருக்கும் உங்களுக்கு. பஸ்ஸில் கண்டக்டர் "முந்தெ ஹோகி" என்றால் முன்னால் நகர்ந்துவிடுகிறீர்கள். கன்னடம் புரிகிறது. அதே கண்டக்டரிடம் "மீதிச் சில்லறை இன்னும் தரவில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறேன்" என்று கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு நின்றுவிடும். கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு பழக்கம், வாய் திறந்து பேசுவது வேறு பழக்கம். போர்டைப் பார்ப்பது கேட்பது மாதிரி. அங்கே அடுத்த வரி என்ன என்ற முடிவை சார் எடுத்துவிடுகிறார், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். பி.ஜி.யில் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். அதற்கான பயிற்சியை இதுவரை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. மூளைக் குறைவும் இல்லை, தமிழ் மீடியத்தின் குறையும் இல்லை.

கேட்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் ஒரு படி உண்டு. பெரும்பாலான வகுப்புகளில் நேரம் இல்லாமல் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எழுதிய புரோகிராமை கம்ப்யூட்டர் இல்லாமல், காகிதத்தில், நீங்களே கம்ப்யூட்டராக இருந்து வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது. ட்ரை ரன் என்பார்கள். இதைக் கைவரப் பெறாமல் யாரும் நன்றாக எழுதி நான் பார்த்ததில்லை.

ஒன்று செய்து காட்டுகிறேன். ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். 472 கொடுத்தால் 13 வர வேண்டும். பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், லேபில் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தம் = 0
எண் 0 ஆகாத வரை திரும்பத் திரும்ப:
   இலக்கம் = எண் % 10
   மொத்தம் = மொத்தம் + இலக்கம்
   எண் = எண் / 10

இங்கே % என்பது வகுத்தபின் வரும் மீதி. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி தசமத்தை வெட்டிவிட்டு முழுப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் தெரிந்தால் போதும். இப்போது நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: எண், இலக்கம், மொத்தம். மதிப்பை வைத்திருக்கும் இப்படிப்பட்ட பெயரைத்தான் வேரியபிள் என்பார்கள், ஒரு வேரியபிளுக்கு ஒரு கட்டம். எண் கட்டத்தில் 472, மொத்தத்தில் 0. இலக்கம் இன்னும் காலி.

முதல் சுற்று. 472-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி 2. இலக்கம் 2. மொத்தத்தில் இருந்த 0-ஐ அடித்துவிட்டு 2 எழுதுங்கள். எண் கட்டத்தில் 472-ஐ அடித்து 47. இரண்டாம் சுற்று: இலக்கம் 7, மொத்தம் 9, எண் 4. மூன்றாம் சுற்று: இலக்கம் 4, மொத்தம் 13. நாலை 10-ஆல் வகுத்தால் 0.4, தசமம் போய் 0. எண் 0 ஆகிவிட்டது, லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, நிற்கிறது. மொத்தம் 13.

பழைய மதிப்பை அடித்துவிட்டு புதியதை எழுதினீர்களே, பாடத்தின் பாதி அதில் இருக்கிறது. பள்ளிக்கணக்கில் 'எண் = எண் / 10' என்று எழுதினால் தப்பு. எண் 0 ஆக இருந்தாலொழிய அது சமன்பாடாக நிற்காது. சி-யில் = குறிக்கு "சமம்" என்ற பொருள் இல்லை. வலது பக்கத்தைக் கணக்குப் போட்டு இடது பக்கக் கட்டத்தில் போடு என்பதுதான் அதற்குப் பொருள். சமமா என்று கேட்பதற்குத்தான் == இருக்கிறது. கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள், ஏனென்றால் பத்து வருடமாக அந்தக் குறிக்கு அவர்கள் வேறு பொருள் கற்றிருக்கிறார்கள். கையால் ஒருமுறை அடித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் அன்றோடு போய்விடும்.

இப்போது கடைசி வரியை எடுத்துவிட்டு அதே நோட்டில் ஓட்டிப் பாருங்கள். எண் 472-ஆகவே நிற்கும். மொத்தம் 2, 4, 6, 8 என்று ஏறிக்கொண்டே போகும். முடிவில்லாத லூப் என்று புத்தகத்தில் படிப்பது இதுதான். 'மொத்தம் = 0' என்ற முதல் வரியை எடுத்துவிட்டால்? முதல் சுற்றிலேயே மொத்தம் கட்டத்தில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்கப் போவீர்கள், உங்கள் நோட்டில் காலி. கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் முன்பு ஏதோ ஒன்று விட்டுப்போன குப்பை மதிப்பு இருக்கும். விடை கன்னாபின்னாவென்று வரும், எரர் எதுவும் காட்டாமல்.

இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். லேப் ரெக்கார்டு வேறு, இது வேறு. நீளவாக்கில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் வசதி. வகுப்பில் நடத்திய ஒவ்வொரு புரோகிராமையும் மூன்று விதமான உள்ளீட்டோடு ஓட்டிப் பாருங்கள். இருபது முப்பது புரோகிராம் இப்படி ஓட்டிய பிறகு, வெற்றுத் திரைக்கு முன் உட்காரும்போது அந்தக் கட்டங்கள் மனதில் தானாக வந்து நிற்கும். என்னென்ன கட்டம் வேண்டும், ஆரம்பத்தில் எதில் என்ன இருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் எது மாற வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். எழுத வருவது என்பது அந்த யோசனைதான். அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் பத்து நாளில் கை பழகிவிடும்.

மனப்பாடம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதலாண்டில் நான் பதினைந்து லேப் புரோகிராமையும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். தேர்வில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் கேள்வி வந்தது. எழுதினேன், ஓடியது. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் திரையைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதையே இறங்குவரிசையாக மாற்று" என்றார். ஒரே ஒரு குறியை, > என்பதை < என்று மாற்றினால் போதும். எந்தக் குறி என்று எனக்குத் தெரியவில்லை. கீபோர்டுக்கு முன்னால் நின்று கண் கலங்கினேன். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: புரோகிராம் ஓடியதும் கேள்வியை நீங்களே மாற்றுங்கள். இலக்கங்களைக் கூட்டினீர்களா, இரட்டைப்படை இலக்கங்களை மட்டும் கூட்டுங்கள். பெரியதைக் கண்டுபிடித்தீர்களா, இரண்டாவது பெரியதைக் கண்டுபிடியுங்கள். ஒரு புரோகிராமைப் பத்துமுறை பார்த்து எழுதுவதைவிட, ஒன்றை மூன்று விதமாக மாற்றிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இனி, மெக்கானிக்கலுக்கு எதற்கு என்ற கேள்வி. உங்கள் ஊர்ப் பக்கம் ஓசூரில் வண்டித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சி.என்.சி. மிஷின் ஓடுகிறது. அந்த மிஷினை நடத்துவது ஜி-கோடு என்ற வரிசையான கட்டளைகள்தான். வண்டியில் எரிபொருள் எவ்வளவு, எப்போது என்று தீர்மானிக்கும் சிறு கம்ப்யூட்டருக்குள் ஓடுவது பெரும்பாலும் சி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கிய மொழி, ஐம்பது வருடம் தாண்டியும் இயந்திரத்துக்கு மிக அருகில் இருக்கும் இடங்களில் நிற்கிறது. ஆனால் நான் இதைச் சொல்வது வேலைக்காக மட்டும் இல்லை. போன வருடம் எங்கள் ஹாலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பையன், அவனும் மெக்கானிக்கல்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில், அர்டுயினோ யுனோ என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டும் எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சாரும் வாங்கி வெப்பமானி செய்தான். அந்த சென்சார் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். போர்டு 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகப் படிக்கும். 5 வோல்ட் என்றால் 500 டிகிரி. ஆக, படித்த எண்ணை 500-ஆல் பெருக்கி 1023-ஆல் வகுத்தால் டிகிரி. அவன் எழுதிய சூத்திரம் சரி. காலையில் 24, 25 என்று ஒழுங்காகக் காட்டியது. ஏப்ரல் மாதம். மத்தியானம் 30, 31 என்று ஏறி, சட்டென்று மைனஸ் 31 என்றது. சென்சார் கெட்டுவிட்டது என்று மறுபடி எஸ்.பி. ரோடு போய் வேறு வாங்கி வந்தான். அதுவும் காலையில் 25, மத்தியானம் மைனஸ் 31. மூன்றாவது சென்சாருக்கும் அதே கதி.

ஞாயிறு வந்தபோது நோட்டை எடுக்கச் சொன்னேன். படித்த எண் 65 என்று வைத்து ஓட்டினான். 65-ஐ 500-ஆல் பெருக்கினால் 32,500. 1023-ஆல் வகுத்தால் 31. சரி. அடுத்து 66. பெருக்கினால் 33,000. இங்கே நிறுத்தி, "இந்த 33,000-ஐ எந்தக் கட்டத்தில் வைக்கிறாய், அந்தக் கட்டம் எவ்வளவு பெரியது?" என்று கேட்டேன். அவனுடைய யுனோவில் 'இன்ட்' என்ற முழு எண் கட்டம் 2 பைட், அதாவது 16 பிட். அதில் அடங்குவது மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான். 33,000 அதில் அடங்காது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் கடைசி எண்ணுக்கு வந்ததும் திரும்ப ஆரம்பத்துக்குப் போவது போல, 33,000 அங்கே மைனஸ் 32,536 ஆகிவிடுகிறது. அதை 1023-ஆல் வகுத்தால் மைனஸ் 31. பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். 500 என்று எழுதிய இடத்தில் 500.0 என்று போட்டதும் வெப்பமானி சரியாகிவிட்டது. மூன்று சென்சாரும் நல்ல சென்சார்தான்.

இதே குடும்பத்துப் பிழை ஒரு ராக்கெட்டையே வெடிக்க வைத்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 முதல் பயணத்தில், கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் போட முயன்று அது அடங்காமல் போனதுதான் காரணம். அங்கே எழுதிய மொழி அடா. மொழி எதுவானாலும் கட்டத்தின் அளவு அளவுதான். அந்த அளவை மெக்கானிக்கல் மாணவர் உணர்வதற்கு சி போல நேரடியான மொழி வேறில்லை.

பைத்தானுக்கு மாறலாமா என்றால், இப்போது வேண்டாம். பைத்தான் நல்ல மொழி. கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டபோதே வாசிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் 7/2 என்றால் பைத்தான் 3.5 தரும், சி 3 தரும். முதல் இரண்டு மாதத்தில் இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்த வழக்கம் எதனுடையது என்று குழம்பும். உங்கள் தேர்வு சி-யில். லூப், கண்டிஷன் (நிபந்தனை), அர்ரே (மதிப்புகளின் வரிசை), ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) இந்த நாலும் சி-யில் கையில் வந்துவிட்டால், செமஸ்டர் விடுமுறையில் இரண்டு மூன்று வாரத்தில் பைத்தானைப் பிடித்துக்கொள்ளலாம். கட்டம் போட்டு ஓட்டும் பழக்கம் அப்படியே அங்கேயும் உதவும்.

அந்த 7/2 விஷயத்திலேயே உங்கள் லேபில் கட்டாயம் மாட்டப்போகும் ஒரு பொறி இருக்கிறது. ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் புரோகிராம். 5/9 என்று முதலில் எழுதி அதை (ஃபா - 32) ஆல் பெருக்கினால், எந்த வெப்பநிலை கொடுத்தாலும் விடை 0. ஐந்தை ஒன்பதால் வகுத்து தசமத்தை வெட்டினால் 0 தானே. 5.0/9 என்று எழுதுங்கள், 98.6-க்கு 37 வரும். இலக்கங்களைப் பிரிக்க நமக்கு உதவிய அதே வெட்டு இங்கே காலை வாருகிறது.

ஏஐ பற்றி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. நானும் வேலையில் பயன்படுத்துகிறேன், அது எழுதியதில் எது தப்பு என்று எனக்குத் தெரியும் என்பதால். அந்த மைனஸ் 31 பையனும் தன் சூத்திரத்தை ஏஐ-யிடம் வாங்கியிருக்கலாம். சூத்திரம் சரியாகத்தான் இருக்கும், மத்தியானம் வரை ஓடவும் ஓடும். முதல் மூன்று மாதம் அதனிடம் புரோகிராம் கேட்காதீர்கள். எரர் செய்தி புரியாவிட்டால் "இதற்குத் தமிழில் என்ன அர்த்தம்" என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து "எந்த உள்ளீட்டுக்கு இது தப்பாகும்" என்று கேளுங்கள். விடையை நம்பாமல் நோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

தமிழ் மீடியம் என்ற தயக்கத்துக்கு வருகிறேன். சி-யில் மனதில் வைக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு. பழைய தர நிர்ணயப்படி மொழியின் சொந்தச் சொற்கள் மொத்தம் 32. அதிலும் முதலாண்டில் புழங்குவது பாதிதான். பயமுறுத்துவது எரர் செய்திகள். முப்பது எரர் வந்தாலும் முதல் ஒன்றை மட்டும் படித்துத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள் (எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைல், மாற்றும் மென்பொருள் கம்பைலர்), மற்றதில் பாதி தானே மறைந்துவிடும். 'அன்டிக்ளேர்டு' என்றால் அந்தப் பெயரில் கட்டமே இல்லை என்று பொருள். எழுத்துப் பிழையோ, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமோ இருக்கும். அரைப்புள்ளி விட்டுப்போனால் சில கம்பைலர்கள் அடுத்த வரியின் எண்ணைச் சொல்லும், ஒரு வரி மேலே பாருங்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சி பாடங்கள் தமிழ்க் குரலிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் சில பாடங்களைக் கேட்டால் கலைச்சொற்கள் காதுக்குப் பழகும். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். நோட்டில் ஓட்டும்போதே ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ஒரு சின்ன ஆங்கில வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை.

உங்கள் லேபில் இன்னும் டர்போ சி என்ற பழைய கம்பைலர் இருந்தால், தேர்வுக்கு அதில் பழகிக்கொள்ளுங்கள். சொந்த லேப்டாப்பில் ஜி.சி.சி. கம்பைலர் போடுங்கள், விண்டோஸில் கோட் பிளாக்ஸ் என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளின் மிங்டபிள்யூ (mingw) பதிப்போடு சேர்ந்தே வரும். செட்டிங்கில் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் விருப்பத்தை முதல் நாளே தேர்ந்தெடுங்கள். உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் வேரியபிளுக்கு முன்னால் & விட்டுப்போனால், நிபந்தனை பார்க்கும் இஃப்-க்குள் == போட வேண்டிய இடத்தில் = போட்டால், அது சொல்லிவிடும். முதலாண்டில் மணிக்கணக்கைத் தின்பவை இந்த இரண்டும்தான்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு வேலை தருகிறேன். கொடுத்த எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று சொல்லும் புரோகிராமை எழுதுங்கள். மேலே காட்டிய லூப்பில் இரண்டு வரியை மாற்றினால் போதும், பார்க்காமல் முயலுங்கள். லேப்டாப்பைத் திறக்கும் முன் 472 கொடுத்து நோட்டில் ஓட்டுங்கள், 3 வர வேண்டும். வந்தபின் 0 கொடுத்து ஓட்டுங்கள். பூஜ்யத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு, ஆனால் உங்கள் நோட்டில் 0 என்று விடை வரும். லூப்புக்குள் ஏன் ஒருமுறைகூட நுழையவில்லை என்று கட்டங்களைப் பார்த்துக் கண்டுபிடித்து, எந்த வரியை எங்கே மாற்றலாம் என்று எழுதி வையுங்கள்.